ஒரே அளவில் இரண்டு கல்வெட்டுகள்

எங்கள் பள்ளி வாசலில் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் இரண்டு கல்வெட்டுகள் பதித்திருக்கும். ஒன்றில் எங்கள் எம்.எல்.ஏ. பெயர், இன்னொன்றில் வார்டு கவுன்சிலர் பெயர். இருவரும் எதிரெதிர்க் கட்சிகள். தேர்தல் நேரத்தில் இருவருடைய ஆட்களும் ஒரே தெருவின் இரண்டு முனையில் மேடை போட்டுப் பேசியவர்கள்தான். போன மாதம் பக்கத்துப் பள்ளியிலிருந்து இரண்டு அம்மாக்கள் வந்து அந்தக் கல்வெட்டுகளைப் பார்த்துவிட்டு, இவர்கள் ரெண்டு பேரையும் ஒரே சுவரில் எப்படிக்கா கொண்டு வந்தீர்கள் என்று கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். தொகுதிப் பெயரும் கட்சிப் பெயர்களும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். போட்டால் எல்லோரும் கட்சியைத்தான் படிப்பார்கள், பள்ளி மறந்துபோகும்.

நான் மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பில்லிங் வேலை பார்க்கிறேன். இரண்டு மகள்களும் படித்தது வட சென்னையில் ஒரு மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில், துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலைகளில் ஒன்றை ஒட்டிய பள்ளி அது. 2022-ல் தமிழ்நாடு முழுக்கப் பள்ளி மேலாண்மைக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். 2009-ன் கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிற ஏற்பாடுதான்: குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். எங்கள் குழுவில் இருபது பேர். எனக்குக் கணக்கு வழக்கு தெரியும் என்பதால் தலைவியாக இரு என்றார்கள், சரி என்றேன்.

பள்ளியின் நிலைமை அப்போது இப்படி இருந்தது. ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் ஒரே ஹாலில், நடுவில் இரண்டு பீரோவை நிறுத்தி மறைத்திருப்பார்கள், அந்தப் பக்கம் டீச்சர் சத்தமாகப் பாடம் எடுத்தால் இந்தப் பக்கம் டீச்சர் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். பெண் பிள்ளைகளுக்கு மூன்று கழிப்பறை, அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. என் பெரியவள் காலையில் தண்ணீர் குடிக்கவே மாட்டாள், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடுவாள். ரொம்ப நாள் எனக்கு அது உறைக்கவே இல்லை. பள்ளியில் கழிப்பறைக்குப் போகாமல் இருப்பதற்காகத்தான் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

உடனே உட்கார்ந்து ஒரு மனு எழுதினோம். நான்கு பக்கம், பதினொரு கோரிக்கை. வகுப்பறை, கழிப்பறை, மேற்கூரை ஒழுகல், அறிவியல் ஆசிரியர், சுற்றுச்சுவர், தெரு விளக்கு, வாசலில் லாரி நிறுத்துவது, இன்னும் என்னென்னவோ. அதை ஜெராக்ஸ் எடுத்து எம்.எல்.ஏ., எம்.பி., கவுன்சிலர், மேயர், கமிஷனர் என்று ஐந்து பேருக்கும் கொடுத்தோம். ஏழு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மற்ற நான்கு பேரில் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் விட்டிருக்க வேண்டும். அதோடு பதினொரு கோரிக்கை ஐந்தாறு துறைக்குப் போக வேண்டியவை, அந்த ஒரு மனுவை எந்த ஃபைலில் வைப்பது? பில்லிங் வேலை பார்க்கிற எனக்கே இது தோன்றியிருக்க வேண்டும். ஒரே இன்வாய்ஸில் ஐந்து கம்பெனியின் சரக்கை எழுதினால் எங்கள் யார்டில் ஒரு பெட்டி கூட வெளியே போகாது.

அப்புறம்தான் நேரில் போனோம். எம்.எல்.ஏ. அலுவலகத்தில் காலையில் கூட்டம் இருக்கும், மருத்துவமனைக்கு லெட்டர், முதியோர் உதவித்தொகை, வீட்டுச் சான்றிதழ் என்று ஆளாளுக்கு ஒரு காகிதம். எங்கள் முறை வரும்போது பத்தரை மணி. நான்கு பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் மனுவை மேசையில் கவிழ்த்து வைத்தார். கட்டடம் மாநகராட்சியுடையதா, பள்ளிக் கல்வித் துறையுடையதா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எஸ்டிமேட் ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று கேட்டார், அதுவும் தெரியவில்லை. "கவுன்சிலரம்மாவைப் பார்த்தீங்களா?" என்றார். அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. "அவங்க வேற கட்சி சார், அதான் நேரா உங்ககிட்ட வந்தோம்." அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"அப்படிச் சொல்லிக்கிட்டு எந்த வேலையும் ஆரம்பிக்காதீங்கம்மா. பள்ளிக்கூடம் அவங்க வார்டுல இருக்கு. அவங்களை விட்டுட்டு நான் கட்டடம் கட்டினா, நாளைக்கு அதுக்குத் தண்ணி லைனும் கழிவுநீர் லைனும் யார் அலைஞ்சு வாங்கித் தருவாங்க?"

பிறகு கவிழ்த்து வைத்த மனுவின் பின்பக்கத்தில் பேனாவால் கோடுகள் போட்டார். வகுப்பறை இரண்டு, அது என் தொகுதி மேம்பாட்டு நிதியில். கழிப்பறை, அது கவுன்சிலரின் வார்டு நிதியில் கேளுங்கள். மேற்கூரை ஒழுகுவது பராமரிப்பு, அதை மண்டல அலுவலகப் பொறியாளர்கள் தங்கள் கணக்கிலேயே செய்ய வேண்டும். ஆசிரியர் பணியிடம் இந்த மூன்றிலும் வராது, அது தனி. லாரி விஷயம் போக்குவரத்துப் போலீஸ். "ஒவ்வொருத்தருக்கும் முழுசா ஒரு வேலை கொடுங்க. எல்லாருக்கும் பாதிப் பாதி கொடுத்தா நாங்க யாருமே செய்யமாட்டோம்." அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தது வேறு. பிள்ளைகள் விஷயத்திலாவது கட்சியை மறந்து எல்லோரும் ஒன்றாக வர வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசிக்கொண்டிருந்தேன். யாரும் இல்லை என்று சொல்லவில்லை, யாரும் வரவும் இல்லை. ஒன்றாக வாருங்கள் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு, உங்கள் அதிகாரத்துக்கும் உங்கள் நிதிக்கும் உள்ளே அடங்குகிற இந்த ஒரு வேலையை முடித்துக் கொடுங்கள் என்று தனித்தனியாகக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் இருவரும் எங்கள் பள்ளிக்குள் ஒரே நேரத்தில் நின்றார்கள்.

நிதி பற்றி நாங்கள் கற்றுக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன், பல பெற்றோருக்கு இது தெரியாது. எம்.எல்.ஏ.வுக்கு வருடத்துக்கு 3 கோடி ரூபாய் தொகுதி நிதி, எம்.பி.க்கு 5 கோடி. கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் ரேஷன் கடை, அங்கன்வாடி, நிழற்குடை, உடற்பயிற்சிக் கூடம் என்று மொத்தத் தொகுதியும் அதில்தான் வாய் வைக்கும். இன்னொன்று, அந்தப் பணம் அவர்கள் கையில் இல்லை. அவர்கள் பரிந்துரைக் கடிதம் கொடுப்பார்கள், அதற்குப் பிறகு எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, டெண்டர், ஒர்க் ஆர்டர் எல்லாம் அதிகாரிகள் பக்கம். அந்த நிதியிலிருந்து யாருக்கும் சம்பளம் கொடுக்க முடியாது. அதனால் எங்களுக்கு நிதி கொடுங்கள் என்று கேட்பதைவிட, இந்த வேலைக்கு இவ்வளவு ஆகும் என்று பொறியாளர் போட்ட தொகையோடு போனால் பேச்சே வேறு மாதிரி நடக்கிறது. அந்தத் தொகையை வாங்க ஒரு வழிதான்: மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு மண்டல அலுவலகத்துக்கு அனுப்பி, உதவிப் பொறியாளர் வந்து அளக்கும்வரை விடாமல் போன் செய்வது. ஒரு தீர்மானத்தில் ஒரே வேலை, ஒரு பக்கத்துக்குள், இரண்டு போட்டோ, வகுப்பு வாரியாகப் பிள்ளைகள் எண்ணிக்கை, எல்லா உறுப்பினர் கையெழுத்தும். எங்களுக்கு இதற்கு மட்டும் மூன்று மாதம் பிடித்தது.

கேட்பதற்குக் கூச்சப்படவும் வேண்டாம். சென்னையில் சொத்து வரியிலேயே கல்வி வரி என்று ஒரு பகுதி சேர்ந்திருக்கிறது. வாடகை வீட்டில் இருக்கிறவர்களும் அதை வாடகையோடு சேர்த்துத்தான் கட்டுகிறோம்.

கவுன்சிலரம்மாவைப் பார்க்கப் போனபோது அவர் கோபமாகத்தான் இருந்தார். "எம்.எல்.ஏ. ஆபீஸ் போயிட்டு வந்துதான் என் வீடு கண்ணுக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை, மன்னிப்புக் கேட்டேன். 2016-ல் இருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை சென்னை மாநகராட்சியில் கவுன்சிலரே இல்லை. அத்தனை வருடம் தேங்கிய ரோடும் சாக்கடையும் மொத்தமாக இவர் தலையில் விழுந்திருந்தது. ஆனாலும் மறுநாள் காலையிலேயே பள்ளிக்கு வந்துவிட்டார். கழிப்பறையை மைதானத்தின் பின்மூலையில் கட்டலாம் என்று நாங்கள் காட்டியதும் அவர் தலையை ஆட்டினார். "அக்கா சொல்றதைக் கேளு, அங்க கட்டாதே. மழை வந்தா முதல்ல தண்ணி நிக்கிற இடமே அதுதான். கழிவுநீர் லைன் இந்தப் பக்கம் ரோட்டோரமா போகுது, முன்னாடியே கட்டிடலாம்."

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தப் பின்மூலையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அந்தத் தெருவில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தெரிந்த ஒரு ஆளைக் கட்சி பார்த்துத் தள்ளி வைத்திருந்தால் பிள்ளைகள் கழிப்பறைக்காக இன்னும் எத்தனை வருடம் காத்திருந்திருப்பார்களோ.

அப்புறம் தேர்தல். 2024 மார்ச் முதல் வாரத்தில் வகுப்பறைக்கு நிர்வாக அனுமதி கிடைத்துவிட்டது, இனிப்புக்கூடக் கொடுத்தோம். மார்ச் 16-ம் தேதி மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்து நடத்தை விதிகள் அமலுக்கு வந்தன. ஒர்க் ஆர்டர் கைக்கு வரவில்லை, வேலையும் தொடங்கவில்லை, அதனால் ஜூன் வரை ஒரு செங்கல் இறங்கவில்லை. ஏற்கெனவே தொடங்கிய வேலை நிற்காது, அனுமதி மட்டும் வாங்கிய புது வேலை நின்றுவிடும். இது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தேர்தல் வருகிற வருடமாக இருந்தால் ஜனவரிக்குள் ஒர்க் ஆர்டர் வாங்கி வேலையையும் தொடங்கவைத்துவிடுங்கள், அனுமதிக் கடிதத்தோடு நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள்.

கட்டி முடிகிற நேரத்தில் பெரிய சிக்கல் கல்வெட்டில் வந்தது. இருவரும் நேரில் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசியதெல்லாம் கூட இருந்தவர்கள். ஒரே கல்லாக இருக்கட்டும், எங்கள் தலைவர் பெயர் மேலே வரட்டும் என்று ஒரு பக்கம். அப்படியென்றால் நாங்கள் திறப்பு விழாவுக்கே வரமாட்டோம் என்று இன்னொரு பக்கம். தலைமை ஆசிரியை பயந்துபோய் விழாவே வேண்டாம் என்றார். இதைச் சின்ன விஷயம் என்று பலர் நினைப்பார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. அவர்களும் நாளைக்கு ஓட்டுக் கேட்டு இதே தெருவுக்கு வர வேண்டியவர்கள், செய்த வேலைக்குப் பெயர் வேண்டும் என்று கேட்பது அவர்கள் தொழிலின் பகுதி. எம்.எல்.ஏ.விடம் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். வேலை இரண்டு, நிதி இரண்டு, அப்போது கல்லும் இரண்டுதானே என்றார். ஒரே அளவு, ஒரே உயரத்தில், ஒரே நாளில் திறப்பு. நான் டேப் வைத்து அளந்து பார்த்துத்தான் பதிக்கச் சொன்னேன். அழைப்பிதழைக் குழு சார்பில் அடிக்காமல், யார் பெயர் முன்னே யார் பெயர் பின்னே என்பதைக் கல்வி அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு வாங்கினோம், அதனால் எங்கள் மேல் பழி வரவில்லை. பள்ளி வாசலுக்கு உள்ளே கொடி வேண்டாம் என்று இருவரிடமும் கேட்டுக்கொண்டோம். தெரு முனையோடு கொடிகள் நின்றன.

விழா முடிந்து டீ குடிக்கும்போது எம்.எல்.ஏ.விடம் ஒரு விஷயம் கேட்டேன். அந்த நேரம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷா நிதியில் 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு தரவில்லை. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம்.ஸ்ரீ பள்ளிகள் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடாததுதான் காரணம். எங்கள் பள்ளிக்கு வாரத்தில் இரண்டு நாள் வந்து மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறப்பு ஆசிரியைக்குச் சம்பளம் அந்தத் திட்டத்திலிருந்துதான். அடுத்த மாதம் சம்பளம் வருமா என்று அவர் என்னிடம் கேட்டிருந்தார். அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் கேட்டேன்: நீங்கள் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து கேட்கக் கூடாதா?

அவர் நிதானமாகவே பதில் சொன்னார். 1976-ல் 42-வது திருத்தம் வரும்வரை கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது, அதற்குப் பிறகு பொதுப் பட்டியலுக்குப் போனது, அதிலிருந்தே இந்த இழுபறி. இருமொழிக் கொள்கை 1968-லிருந்து இருக்கிறது, இங்கே ஆட்சி மாறினாலும் அது மாறவில்லை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். 2020 செப்டம்பரில் அப்போதைய ஆளுங்கட்சி மசோதா கொண்டுவந்தது, எதிர்க்கட்சி ஆதரித்தது, ஆளுநர் கையெழுத்துப் போடத் தாமதித்தபோது அதற்காகத் தெருவில் இறங்கியது எதிர்க்கட்சி. ஆட்சி மாறிய பிறகு 2021-ல் அதே 7.5 சதவீதத்தைப் பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் நீட்டினார்கள். 2022 ஆகஸ்டில் 234 தொகுதி எம்.எல்.ஏ.க்களிடமும் முக்கியமான பத்து வேலைகளைக் கேட்டு முதலமைச்சர் கடிதம் எழுதியபோது எதிர்க்கட்சிக்காரர்களும் பட்டியல் கொடுத்தார்கள். "நாங்க சண்டை போடாத இடமும் இருக்கும்மா, அது டிவியில வராது."

அவர் சொன்னது சரிதான். 7.5 என்பது எங்கள் பள்ளியில் பெரிய வார்த்தை. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படிக்க வேண்டும் என்பதால், ஐந்தாம் வகுப்போடு பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைத்த நான்கு குடும்பம் இங்கேயே இருந்துவிட்டது. ஆனால் சம்பளப் பணம் விஷயத்தில் என் மனம் ஆறவில்லை. ஒரு மாநிலம் ஒரு கொள்கையை ஏற்கவில்லை என்பதற்காக நடக்க முடியாத பிள்ளைக்குப் பாடம் சொல்லும் டீச்சரின் சம்பளத்தைப் பிடித்து வைப்பதை நான் ஏற்கவே மாட்டேன், யார் செய்தாலும்.

மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் கட்டடத்துக்கு மனுவோடு மெட்ரோவில் போகும்போது தியாகராயா கல்லூரி நிலையத்தைத் தாண்டித்தான் போவேன். சர் பிட்டி தியாகராயர் 1920-ல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. பிள்ளைகள் வரவு கூடியது. ஆனால் அந்தச் செலவைத் தொடக்கக் கல்வி நிதியில் எழுதக் கூடாது என்று அன்றைய அரசு சொன்னதால் 1925-ல் நின்றுபோனது. சோறு போட மனமும் ஆளும் இருந்தும், எந்தக் கணக்கில் எழுதுவது என்பதில் நின்றிருக்கிறது. இதைப் படித்தபோது எங்கள் முதல் மனுதான் ஞாபகம் வந்தது. பிறகு 1956-ல் காமராஜர், 1982-ல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவு, 1989-ல் கருணாநிதி சேர்த்த முட்டை, 2022-ல் ஸ்டாலின் தொடங்கிய காலை உணவு. ஒன்றுக்கொன்று பிடிக்காத கட்சிகள். ஆனால் முன்னால் இருந்தவர் போட்டதை நிறுத்தாமல் ஒவ்வொருவரும் தன் பெயர் சொல்லும்படி ஒன்றைச் சேர்த்தார்கள். என் சின்னவள் ஐந்தாவது முடிக்கும்வரை காலையும் மதியமும் பள்ளியில்தான் சாப்பிட்டாள்.

எங்கள் பள்ளியில் நடக்காமல் போனதையும் சொல்ல வேண்டும். அறிவியல் ஆசிரியர் பணியிடம். எம்.எல்.ஏ. இரண்டு கடிதம் கொடுத்தார், கவுன்சிலரம்மா மன்றக் கூட்டத்தில் பேசினார், நாங்கள் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டோம். இன்னும் காலிதான். ஆசிரியர் வந்தால் கல்வெட்டு வைக்க முடியாது, தொகுதி நிதியிலும் வார்டு நிதியிலும் சம்பளம் வராது, அதனால் இதை முழுசாக எடுத்துக்கொள்ள ஒரு ஆள் இல்லாமல் போனது. முழு வேலையாகப் பிரித்துக் கொடுக்கும் எங்கள் வழி இந்த இடத்தில் வேலை செய்யவில்லை, அதை மறைக்க விரும்பவில்லை.

2024-ல் குழுவை மறுபடி அமைத்தபோது தலைவி வேறொரு அம்மா, நான் உறுப்பினர். சட்டமன்றத்தில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது, எல்லாக் கட்சி உறுப்பினர்களும் இருப்பார்கள், பொதுமக்களிடம் நேரடியாக மனு வாங்குவார்கள். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை, அதுதான் விதி. போன ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினோம், ஒரு பக்கம்தான் வந்தது. எம்.எல்.ஏ. கடிதத்தையும் கவுன்சிலரம்மா கடிதத்தையும் பின்னால் சேர்த்துப் பின் போட்டிருக்கிறோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்போதைக்குக் கணக்கு டீச்சர்தான் அறிவியலும் எடுக்கிறார், வாரத்துக்கு மூன்று பீரியட்.